எழுதக் கற்பிப்பவர்கள் எப்போது எழுதுவார்கள்?

சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் நாள்களில், மதிப்பீட்டு நிலையமாக மாறிய பாடசாலை மண்டபங்களில் ஆசிரியர்கள் மாணவர்களின் வாங்குகளில் அமர்ந்திருப்பார்கள். தமிழ்மொழியும் இலக்கியமும் பாடத்தின் கட்டுகள் பிரிபடுமுன் புள்ளித்திட்டம் வரி வரியாக வாசிக்கப்படும். மாதிரிக்குச் சில விடைத்தாள்களை எல்லோரும் திருத்திப் பார்ப்பார்கள். ஒரே கட்டுரைக்கு ஒருவர் கைநிறையவும் பக்கத்தில் இருப்பவர் கிள்ளியும் புள்ளி போட்டிருந்தால், எதைப் பார்த்துப் போட்டீர்கள் என்ற கேள்வி எழும், வாதம் நடக்கும். உதவிப் பரீட்சகரின் கையில் சிவப்புப் பேனா, பிரதம பரீட்சகரின் கையில் ஊதாப் பேனா. சிவப்பு போட்டதை ஊதா சரிபார்க்கும்.

இலங்கையில் தமிழில் எழுதக் கற்பிக்கும் ஆசிரியருக்குக் கிடைக்கும் ஆழமான பயிற்சி எதுவென்றால் இந்த மண்டபத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பல பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒன்றாக இருந்து, பிள்ளைகள் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பந்தி ஏன் நன்றாக இருக்கிறது, அது ஏன் தளர்கிறது என்று நாள்கணக்காகப் பேசுவதற்கு வேறு இடமில்லை. ஆனால் இதற்குப் பயிற்சி என்று பெயரும் இல்லை, அதன் நோக்கமும் அதுவல்ல. இங்கே பழகுவது அளக்க. வகுப்பறைக்குத் திரும்பும் ஆசிரியர் அந்த அளவுகோலையும் கூடவே கொண்டுபோகிறார். தரம் 6 பிள்ளையின் கொப்பிக்கும் அதையே வைக்கிறார்.

முறையான பயிற்சி இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் இன்று 19. இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு ஏதாவதொரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை ஸ்ரீபாத, தர்கா நகர் என்று தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் உருவாகும் கல்லூரிகள் பெரும்பாலும் தலைநகருக்கு வெளியே இருக்கின்றன. பட்டதாரியாக நியமனம் பெற்றவர் கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ, நாவலத் திறந்த பல்கலைக்கழகத்திலோ, மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலோ பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார். உளவியல், கல்வித் தத்துவம், மதிப்பீடு, பாடத்திட்டம் என்று தாள்கள் நிறைந்த படிப்பு. மொழி கற்பித்தல் அதற்குள் ஒரு பகுதி. எழுத்தாக்கம் அந்தப் பகுதிக்குள் ஒரு மூலை.

சேவைக்காலப் பயிற்சி இன்னொரு வழி. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் எழுதுகிறது; ஆசிரிய ஆலோசகர்களைப் பயிற்றுகிறது; அவர்கள் வலயத்துக்குத் திரும்பி ஆசிரியர்களைப் பயிற்றுகிறார்கள். 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது நாடு முழுவதும் இந்த வழியில்தான் செய்தி போனது. அடுக்குப் பாத்திரத்தின் மேல் தட்டில் ஊற்றிய நீர் கீழ்த் தட்டுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவுதான் மிஞ்சியது என்று அந்தக் காலத்தில் படிப்பித்த பலரும் சொல்வார்கள். வலயச் செயலமர்வு பெரும்பாலும் ஒரு நாள். காலையில் வரவுப் பதிவும் தேநீரும், பிறகு வளவாளரின் திரைக்காட்சி, பகல் உணவு, பின்னேரம் குழு வேலை. அதிலும் புதிய வினாத்தாள் அமைப்பை விளக்குவதற்கே பாதி நாள் சரி.

ஆசிரிய ஆலோசகர் பதவி சில ஆண்டுகளுக்கு முன் தனிச் சேவையாக்கப்பட்டது. நல்ல மாற்றம். ஆனாலும் ஒரு வலயத்தில் தமிழ் பாடத்துக்கென்று இருக்கும் ஒன்றிரண்டு ஆலோசகர்கள் எத்தனை வகுப்பறைகளுக்குள் போய் உட்கார முடியும்? போகும் நாளிலும் முதலில் பார்ப்பது பாடக் குறிப்புப் புத்தகத்தையும் திருத்திய கொப்பிகளையும். கொப்பியில் சிவப்பு நிறைய இருந்தால் ஆசிரியர் உழைத்திருக்கிறார் என்று பொருள்.

இத்தனை வழிகளிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. எங்குமே ஆசிரியரிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, நீங்கள் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. நீச்சல் தெரியாதவரை நீச்சல் ஆசிரியராக எந்தக் கழகமும் எடுக்காது. எழுத்துக்கு மட்டும் அந்த நிபந்தனை ஏன் இல்லை?

முன்பு இருந்தது, சட்டமாக இல்லாவிட்டாலும் வழக்கமாக. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் நடத்திய சைவாசிரிய கலாசாலையில் ஆசிரிய மாணவர்களுக்குத் தமிழ் சொன்னவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986). ‘இலக்கிய வழி’ முதலான நூல்களால் ஈழத்து உரைநடைக்குத் தனி மிடுக்குக் கொடுத்தவர் அவர். பயிற்றியவரே எழுதிக்கொண்டிருந்தார், அவர் கட்டுரை பத்திரிகையில் வந்த வாரம் வகுப்பில் அதைப் பற்றிப் பேச முடிந்தது. சொக்கன், கனக. செந்திநாதன் என்று ஆசிரியத் தொழிலையும் எழுத்தையும் ஒன்றாகவே கொண்டு நடந்தவர்களின் வரிசை நீளமானது. கொழும்பில் கா. சிவத்தம்பி பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் சாஹிராக் கல்லூரி ஆசிரியர். அந்தத் தலைமுறையை இலட்சியப்படுத்தத் தேவையில்லை. பிரம்பும் மனப்பாடமும் அவர்கள் காலத்து வகுப்பறையிலும் இருந்தன. ஆனால் எழுதுவது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு உடம்பால் தெரியும்: முதல் வரி வராமல் தவிப்பது, எழுதியதை அடித்துவிட்டு மறுபடி தொடங்குவது, நல்லதென்று நினைத்த பந்தியை நண்பர் ஒருவர் வெட்டச் சொல்லும்போது வரும் எரிச்சல்.

கொழும்பு வகுப்பறைக்கு இந்த அறிவு கூடுதலாகத் தேவை. கொட்டாஞ்சேனையில் ஒரே வகுப்பில் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும், யாழ்ப்பாணத்துப் பிள்ளையும், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே வாழும் பிள்ளையும், வீட்டில் சிங்களமும் கலந்து பேசும் பிள்ளையும் அருகருகே இருக்கும். வெள்ளவத்தையில் 1990களில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விளையாடி, தமிழில் சாப்பிட்டு, தமிழிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். பாடப் புத்தகத்தின் தமிழ் இவர்களில் எவருடைய வீட்டுத் தமிழும் அல்ல.

தரம் 7 பிள்ளை ஒன்று ‘மழை நாள் ஒன்று’ என்ற தலைப்பில் இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்: “மழை வந்திச்சு. நானும் அம்மாவும் நனைஞ்சு போனம். த்ரீவீல்காரர் எங்களை ஏத்தேல்ல. பேந்து நடந்து வந்தம்.” பயிற்சி பெற்ற கை என்ன செய்யும் என்று ஊகிக்கலாம். வந்திச்சு என்பது பெய்தது ஆகும். போனம், வந்தம் இரண்டும் திருந்தும். பேந்து அடிபடும். த்ரீவீல் முச்சக்கர வண்டியாகும். அருகில் ஓர் ஏழோ எட்டோ, கீழே “எழுத்து வழக்கில் எழுதவும்” என்ற குறிப்பு. திருத்தங்கள் ஒவ்வொன்றும் சரி. ஆனால் அந்த நான்கு வரியில் கதை இருப்பது மூன்றாவது வரியில். ஏன் ஏற்றவில்லை? என்ன சொன்னார்? அம்மாவின் முகம் எப்படி இருந்தது? எந்த மொழியில் பேசினார்கள்? தானே எழுதிப் பழகிய ஆசிரியருக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகப் பிள்ளை ஒரு பந்தி எழுதியபின், பெய்ததையும் வந்தோமையும் திருத்தலாம். அப்போது பிள்ளைக்கும் திருத்தத்தில் அக்கறை பிறக்கும், திருத்த ஒரு பொருள் கையில் இருப்பதால்.

மாறாக நடப்பது தெரிந்ததே. சொந்த மூன்றாவது வரிக்குப் புள்ளி இல்லை என்று கண்டுகொண்ட பிள்ளை மாதிரிக் கட்டுரைக்குப் போகிறது. காலி வீதியின் இரு பக்க ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் டியூஷன் வகுப்புகள் அதைத்தான் டியூட்டாக அச்சடித்துக் கொடுக்கின்றன: ‘நான் விரும்பும் பெரியார்’, ‘சூழல் மாசடைதல்’, ‘வாசிப்பின் முக்கியத்துவம்’. தொடக்கத்துக்கு ஒரு பழமொழி, முடிவுக்கு ஒரு குறள், நடுவில் மூன்று பந்தி. புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பத்து வயதுப் பிள்ளை இதை ஒப்புவிக்கும்போது பெற்றோர் பூரிக்கிறார்கள். டியூஷன் ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. பரீட்சை கேட்பதைச் சந்தை விற்கிறது. அவருக்கு எந்தப் பயிற்சியும் எவரும் கொடுத்ததுமில்லை.

2022 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் கடதாசி இல்லாமற்போய், மேல் மாகாணத்தில் தரம் 9, 10, 11 தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. உலகச் செய்தியான அந்த நாள்களில் பலரும் பேசியது பரீட்சை நின்றதைப் பற்றி. எழுதுவது நின்றதைப் பற்றிப் பேச்சு எழவில்லை. நம் பாடசாலைகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆசிரியர் பயிற்சியின் இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் நாமல்ல. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1974 கோடை விடுமுறையில் ஜேம்ஸ் கிரே என்பவர் 25 ஆசிரியர்களைக் கூட்டினார். உயர்நிலைப் பாடசாலையில் நீண்டகாலம் படிப்பித்தவர் அவர். வெளியிலிருந்து நிபுணரைக் கொண்டுவந்து பேசவைக்கும் கருத்தரங்குகளில் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. ஆசிரியருக்கு ஆசிரியரே பயிற்சி கொடுக்கட்டும் என்பது அவர் வைத்த முதல் விதி. எழுதக் கற்பிப்பவர் தானும் எழுதியாக வேண்டும் என்பது இரண்டாவது. காலையில் ஒருவர் தன் வகுப்பில் பலித்த பாடமொன்றை மற்றவர்களை மாணவர்களாக வைத்து நடத்திக் காட்டுவார். பிற்பகலில் எல்லோரும் எழுதியதைச் சிறு குழுக்களில் வாசித்துக் கருத்துக் கேட்பார்கள். பே ஏரியா ரைட்டிங் புரொஜெக்ட் என்று தொடங்கிய அந்தக் கூட்டம் பிறகு நாடு தழுவிய தேசிய எழுத்துத் திட்டமாக வளர்ந்தது.

இது பலித்ததா? எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனம் 10 மாநிலங்களில் 44 கிராமப்புறக் கல்வி மாவட்டங்களை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு இத்திட்டத்தின் பயிற்சியைக் கொடுத்து, சிலவற்றை வழக்கம்போல விட்டுப் பார்த்தது. இரண்டு ஆண்டு முடிவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் வாதக் கட்டுரை எழுதுவதில் முந்தியிருந்தார்கள் என்று 2015இல் அறிக்கை வந்தது. ஆண்டுக்கு 45 மணித்தியாலமாவது ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் கணக்கு. நம் வலயச் செயலமர்வோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

2007இல் ஸ்டீவ் கிரகாமும் டொலரிஸ் பெரினும் வெளியிட்ட ‘ரைட்டிங் நெக்ஸ்ட்’ என்ற தொகுப்பாய்வு இன்னொரு செய்தி சொன்னது. தரம் 4 முதல் 12 வரையான மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், திட்டமிடவும் திருத்தி எழுதவும் உத்திகளைச் சொல்லிக்கொடுத்ததன் விளைவளவு 0.82 (பூச்சியம் என்றால் மாற்றமில்லை); இலக்கணத்தை மட்டும் தனியே நடத்தியதன் விளைவு பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் 0.32. இதைக் கொண்டுவந்து தமிழ் இலக்கணப் பாடத்தை நிறுத்தச் சொல்பவர்கள் அவசரக்காரர்கள். அந்த ஆய்வுகள் ஆங்கிலத்தில் நடந்தவை. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள தமிழில், ல-ள-ழ வேறுபாடும் வினைமுற்றும் சந்தியும் யாராவது சொல்லிக்கொடுக்காமல் வராது. எம்.ஏ. நுஃமான் 1999இல் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ எழுதியது இன்றைய எழுத்துத் தமிழை வைத்து இலக்கணம் சொல்ல ஒரு நூல் தேவைப்பட்டதால்தான். பிள்ளை தானே எழுதிய வாக்கியத்தை வைத்து இலக்கணம் சொல்லும்போது பலன் கூடுகிறது, பயிற்சிப் புத்தகத்து வாக்கியத்தை வைத்துச் சொல்லும்போது குறைகிறது என்ற அளவில் அந்த எண்களை எடுத்துக்கொள்வது நியாயம்.

எழுதும் ஆசிரியர் பிறரை எழுதவைப்பதற்குத் தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு நாமக்கல்லில் இருக்கிறது. அரசு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் தன் மாணவர்களையும், ‘கூடு’ என்ற பெயரில் தன்னைச் சுற்றிக் கூடியவர்களையும் சாதி அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். அப்படி வந்த 32 கட்டுரைகள் 2013இல் ‘சாதியும் நானும்’ என்ற நூலாயின. எழுதியவர்களில் பலருக்கு அதுவே முதல் எழுத்து. புகழ்பெற்ற எழுத்தாளர் என்பதால் மட்டும் அது நடக்கவில்லை. சொல்லத் துணியாததை எழுதும் ஒருவருக்கு எங்கே நெஞ்சு அடைக்கும், எந்தக் கேள்வி அதைத் திறக்கும் என்று தெரிந்த ஆசிரியராக இருந்ததால் நடந்தது.

தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பெருந்தொகையான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பாட்டும் கதையும் பொம்மையும் வைத்துப் பயிற்சி கொடுத்தது. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன அடிப்படை எழுத்தறிவை மீட்பது அதன் வேலை. கட்டுரை எழுத வைக்கும் வேலை அதற்கு மேலே இருக்கிறது. சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் தமிழாசிரியர்கள் கூடிப் பயில ஓர் இடமாகவும் இருக்கிறது. சிறிய நாடு, பெரிய நிதி. நமக்கு அந்த நிதி வரப்போவதில்லை.

ஆனால் கொழும்பில் இடமும் ஆட்களும் இல்லையென்று சொல்ல ஒருவராலும் முடியாது. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு மண்டபமும் நூலகமும் உண்டு. கொட்டாஞ்சேனைப் பக்கம் விவேகானந்த சபை 1902 முதல் இருக்கிறது. சைவசமயப் பாடப் பரீட்சையை நாடளாவ நடத்தும் அமைப்புத் திறன் அதற்கு இருக்கிறது. ‘அகவிழி’ சஞ்சிகை 2004 முதல் ஆசிரியத்துவத்தை மையமாக வைத்துத் தமிழில் வந்தபோது, கல்வி பற்றி எழுதவும் வாசிக்கவும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அதில் எழுதியவர்கள் பெரும்பாலும் கல்வியியல் அறிஞர்கள். வகுப்பறையில் சோக்கோடு நிற்பவர் தன் அனுபவத்தை எழுதிய பக்கங்கள் குறைவு. வீரகேசரியும் தினகரனும் மாணவர் எழுத்துக்கு இடம் கொடுக்கின்றன. ஆசிரியர் எழுத்துக்கென்று ஒரு பக்கம் கேட்டால் மறுப்பார்களா?

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி இன்னொரு வாய்ப்பு. எழுத்தாக்கம், கவிதை, சிறுகதை என்று பாடசாலை மட்டத்தில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டம் வரை போகிறது. ஒவ்வொரு மட்டத்திலும் நடுவர்களாக இருப்பவர்கள் ஆசிரியர்கள். வென்றவருக்குச் சான்றிதழ், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. தோற்ற பிள்ளையின் தாளில் ஒரு வரி குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் வந்தால், அதுவே நடுவருக்கும் பயிற்சி, பிள்ளைக்கும் பாடம். பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளும் அப்படித்தான். மாணவர் எங்கே சறுக்கினார்கள் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. பணிக்குழாம் அறையில் அதை எடுத்து வைத்துப் பேசும் பாடசாலைகள் அரிது.

ஆசிரியர் தரப்பில் உள்ள தடைகளையும் மறைக்கக் கூடாது. நாற்பது கொப்பி, வாரத்துக்கு முப்பதைத் தொடும் பாடவேளை, அதற்கு மேல் டெங்கு ஒழிப்பு, விளையாட்டுப் போட்டி, கலைவிழா. சம்பளம் போதாமல் பின்னேரம் டியூஷன். இதற்குள் எழுது என்று சொல்வது எளிது. அதைவிடப் பெரிய தடை கூச்சம். இருபது ஆண்டு தமிழ் படிப்பித்தவர் தான் எழுதிய ஒரு பக்கத்தைச் சக ஆசிரியர்கள் முன் வாசிக்க வேண்டுமென்றால் வியர்க்கும்; எழுத்துப்பிழை இருந்தால் மானம் போகும் என்ற பயம். பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் வகுப்பில் வருவது இதே பயந்தான். அதை ஆசிரியர் ஒருமுறையாவது அனுபவித்தால் சிவப்புப் பேனாவைப் பிடிக்கும் விதம் மாறும்.

சேவையில் பதவியுயர்வுக்கு வாண்மை விருத்தி மொடியூல்களை ஆசிரியர்கள் எப்படியும் செய்துதான் ஆக வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்றை எழுத்தாக்கத்துக்கு ஒதுக்கலாம். அதற்கும் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையிலிருந்து ஒரு பாடசாலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பாடசாலை, தவணைக்கு ஒரு சனிக்கிழமை, மூன்று மணித்தியாலம். முதல் மணித்தியாலம் ஆசிரியர்கள் எழுத வேண்டும், தலைப்பு பிள்ளைகளுக்குக் கொடுத்ததேதான். இரண்டாவதில் அதை வாசித்துப் பேச வேண்டும். மூன்றாவதில் பெயர் மறைத்த ஐந்து கொப்பிகளை நடுவில் வைத்து, புள்ளி போடாமல், இந்தப் பிள்ளையிடம் அடுத்து என்ன கேட்பது என்று மட்டும் பேச வேண்டும். வளவாளர் வேண்டாம், திரைக்காட்சி வேண்டாம். மண்டபம் கேட்டால் தமிழ்ச் சங்கம் மறுக்காது என்று நம்பலாம். கொழும்பு வலயத்தின் தமிழ்ப் பாட ஆலோசகர்களும் அதிபர்களும் அடுத்த தவணைக்கு முன் இதில் ஒரு சனிக்கிழமையையாவது நடத்திப் பார்க்க வேண்டும். அன்று முதல் ஆளாகத் தாளை எடுத்து எழுத உட்கார வேண்டியவர்களும் அவர்களே.